பாடத்தை விட்டு மெட்டுப் போடும் மகள்

கேள்வி: என் மகள் தொடக்கநிலை 4-இல் படிக்கிறாள். மூன்று ஆண்டுகளாகக் கர்நாடக இசை வகுப்புக்குப் போகிறாள்; இப்போது வர்ணம் என்னும் நீண்ட பயிற்சிப் பாட்டு நடக்கிறது. தினமும் ஒரு மணி நேரம் சாதகம் (பாட்டுப் பயிற்சி) செய்ய வைப்பதற்குள் வீடே ரணகளமாகிவிடுகிறது. பாதி நேரம் பாடத்தை விட்டுவிட்டு, பள்ளியில் கேட்ட சீனப் புத்தாண்டுப் பாட்டுக்கு ஸ்வரம் போட்டுக்கொண்டிருக்கிறாள். கண்டிப்பதா, விட்டுவிடுவதா? தொடக்கநிலை 6-இன் இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ வரப்போகிறது. வகுப்பையே நிறுத்திவிடலாமா?
- ஒரு தாய், பொங்கோல், சிங்கப்பூர்

பதில்: முதலில் அந்தச் சீனப் பாட்டு. அதற்காகத் திட்டாதீர்கள். காதில் விழுந்த மெட்டுக்குத் தானே ஸ்வரம் கண்டுபிடிப்பது அருமையான ஸ்வர ஞானப் பயிற்சி. யாரும் சொல்லாமலே செய்கிறாள். கர்நாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசுவாமி தீட்சிதரே மேற்கத்திய மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்தியம் (பாடல் வரிகள்) எழுதியிருக்கிறார். நோட்டுஸ்வரம் என்று குழந்தைகளுக்குச் சொல்லித்தருவது அவற்றைத்தான்.

சரி, சாதகத்துக்கு வருவோம். நாளை அவள் பாடும்போது அடுத்த அறையிலிருந்து கேளுங்கள். வர்ணத்தை முதலிலிருந்து தொடங்குவாள், முக்தாயி ஸ்வரத்தில் (முதல் பாதியை முடிக்கும் ஸ்வரப் பகுதி) ஓரிடத்தில் தடுமாறுவாள், சமாளித்துக்கொண்டு கடைசிவரை ஓடுவாள், மறுபடியும் முதலிலிருந்து. பெரும்பாலான வீடுகளில் இதுதான் நடக்கிறது. இப்படிப் பாடினால் தெரிந்த இடம் இன்னும் மெருகேறும், தெரியாத இடத்தில் தவறுதான் மனப்பாடமாகும்.

ஒரு மணி நேரத்தை இருபது நிமிடமாக்குங்கள். தடுமாறும் ஆவர்த்தனத்தை (ஒரு தாளச் சுற்றை) மட்டும் தனியே எடுக்கட்டும். தாளம் போட்டு, விளம்பத்தில் (மெதுவாக), வெறும் ஸ்வரமாக. பிடிபட்டதும் அதற்கு முந்தைய வரியின் வாலைச் சேர்த்துப் பாட வேண்டும், ஏனென்றால் பிள்ளைகள் இடறுவது பெரும்பாலும் இணைப்பில்தான். அப்புறம் இரண்டாம் காலம், அதாவது இரட்டை வேகம். நாலைந்து முறை சரியாக வந்ததும் அதை விட்டு ஒரு அலங்காரம் (தாளத்தோடு பாடும் ஸ்வரப் பயிற்சி) பாடட்டும். பிறகு திரும்பி வரட்டும். இடைவெளி விட்டுத் திரும்பும்போது கொஞ்சம் மறந்திருக்கும். பரவாயில்லை, மறந்ததைத் தேடி எடுக்கும்போதுதான் அது நன்றாகப் பதிகிறது. கைப்பேசியில் பதிவு செய்து போட்டுக் காட்டினால், நீங்கள் குறை சொல்லவே வேண்டியிருக்காது.

கடைசி ஐந்து நிமிடம் அவளுடையது. மோகன ராகத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: ச ரி க ப த, ஐந்தே ஸ்வரம். நீங்கள் ஆதி தாளம் போடுங்கள். அதன் எட்டு அட்சரத்தை (எண்ணிக்கையை) அவள் விருப்பப்படி நிரப்பி, அடுத்த சமத்தில், அதாவது தாளம் மறுபடி தொடங்கும் இடத்தில், காந்தாரத்தில் (க) வந்து விழ வேண்டும். தொடக்கத்தில் அட்சரத்துக்கு ஒரு ஸ்வரம் போதும். கல்பனாஸ்வரத்தின், அதாவது அப்போதைக்கப்போது கற்பனையாக ஸ்வரம் பாடுவதன், அரிச்சுவடி இதுதான். ராகத்தின் உருவம் காதில் ஊறாமல் மனோதர்மம் (சொந்தக் கற்பனையில் பாடுவது) வேண்டாம் என்று தள்ளிப்போடும் ஆசிரியர்கள் உண்டு. கச்சேரி மேடைக்கு அது நியாயம். வீட்டு வரவேற்பறைக்கு அவ்வளவு கண்டிப்பு தேவையில்லை என்பது என் கருத்து. ஆனால் ஆசிரியரிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள், பின்னால் மனத்தாங்கல் வரக்கூடாது.

இன்னொன்று. சீன மெட்டுகளில் பலவும் இதே ஐந்து ஸ்வரங்களில் அமைந்தவை. பள்ளியில் குசெங் என்னும் சீனத் தந்தி வாத்தியம் வாசிக்கும் தோழி இருந்தால் ஒருநாள் வீட்டுக்கு அழையுங்கள். அந்த வாத்தியத்தை வழக்கமாக இரண்டு கட்டையில் (D சுருதியில்) மோகனம் வரும்படிதான் சுருதி சேர்த்திருப்பார்கள். ஒருத்தி வாசிக்க, மற்றவள் பாடிப் பதில் சொல்லலாம்.

வீட்டில் பாடுவதோடு கேள்வி ஞானமும் (பிறர் பாடக் கேட்டு வளரும் அறிவு) வேண்டும். எஸ்பிளனேட் கலையரங்கில் ஆண்டுதோறும் கலா உத்சவம் என்னும் இந்தியக் கலை விழா நடக்கிறது. அழைத்துப் போங்கள், ஆனால் திரும்பி வரும்போது எம்ஆர்டியில் "என்ன ராகம், சொல்லு" என்று பரீட்சை வைக்காதீர்கள்.

பிஎஸ்எல்இக்காக நிறுத்த வேண்டாம். தேர்வு நெருங்கும்போது துணைப்பாட வகுப்பு இருக்கும் நாட்களில் பத்து நிமிடம் போதும்: ஒரு கடினமான வரி, ஒரு சொந்த மெட்டு. புதுப் பாடம் எடுக்காமல் பழையதை மட்டும் பார்க்கும்படி ஆசிரியரிடம் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.