வெற்றிலைக் கட்டும் ஸ்விங் டிரேடிங்கும்: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: டிராக்டர் உதிரிபாகக் கடை நடத்துகிறேன். இரண்டு லட்சம் ரூபாயுடன் பங்குச் சந்தையில் ஸ்விங் டிரேடிங் தொடங்கினேன். எட்டு மாதத்தில் 64,000 ரூபாய் போய்விட்டது. லாபம் தெரிந்தால் பயந்து உடனே விற்றுவிடுகிறேன். நஷ்டம் வந்தால் விற்க மனம் வருவதில்லை. ஒவ்வொருவர் சொன்ன முறையையும் ஒரு வாரம் பின்பற்றிப் பார்த்துவிட்டேன். எனக்கென்று ஒரு முறையை எப்படி அமைத்துக்கொள்வது?
- ஒரு வாசகர், மேலூர்

பதில்: நோய் என்னவென்று நீங்களே எழுதிவிட்டீர்கள். சின்ன லாபம், பெரிய நஷ்டம். பங்கைத் தேர்ந்தெடுப்பதில் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் இந்தப் பழக்கம் முதலைத் தின்றுவிடும்.

என் அப்பா சோழவந்தான் வெற்றிலையை மொத்தமாக வாங்கி மதுரையில் விற்றவர். மாட்டுத்தாவணிப் பூ வியாபாரிக்கு ஒரு நாள்தான் கணக்கு. மாலைக்குள் மொட்டு விரிந்துவிடும். கீழமாசி வீதியில் புளி வாங்கி வைப்பவர் மாதக்கணக்கில் காத்திருப்பார். வெற்றிலை இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. சில நாட்கள் தாங்கும், ஆனால் சும்மா விட்டால் தாங்காது. அப்பா தினமும் இரவு சாப்பிட்டதும் ஈரச்சாக்கை விலக்கி ஒவ்வொரு கட்டாகப் பிரிப்பார். அழுகத் தொடங்கிய இலையைக் கிள்ளி எறிந்துவிடுவார். "இதற்கும் காசு கொடுத்துத்தானே வாங்கினோம்" என்று ஒருநாளும் அவர் யோசித்ததில்லை. ஸ்விங் டிரேடிங்கை நான் புரிந்துகொண்டது அந்தச் சாக்கின் பக்கத்தில் உட்கார்ந்துதான். சில நாட்களிலிருந்து சில வாரங்கள்வரை ஒரு பங்கை வைத்திருக்கிறோம், தினமும் ஒருமுறை புரட்டிப் பார்க்கிறோம், கெட்டதை எடுத்துவிடுகிறோம்.

இதை நானே 2008இல் மறந்தேன். 210 ரூபாய்க்கு வாங்கிய ஒரு பங்கை 170இல் மறுபடி வாங்கினேன், 120இல் மறுபடி வாங்கினேன். சராசரி விலை குறைகிறதே என்று ஆறுதல் அடைந்தேன். கடைசியில் 38 ரூபாய்க்கு விற்றேன். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காக வைத்திருந்த பணம் அது. அன்று முதல் இறங்கும் பங்கில் ஒரு பங்குகூடக் கூடுதலாக வாங்கியதில்லை.

இனி உங்கள் கணக்கு. கையில் 1,36,000 இருக்கிறது. போனது 32 சதவீதம், ஆனால் இரண்டு லட்சத்தைத் திரும்ப எட்ட 47 சதவீதம் சம்பாதிக்க வேண்டும். அதனால் "விட்டதைப் பிடிப்பது" என்ற எண்ணத்தை முதலில் விடுங்கள். உங்கள் முதல் இன்று 1,36,000. அவ்வளவுதான்.

ஒரு வியாபாரத்தில் அதிகபட்சம் ஒரு சதவீதம், அதாவது 1,360 ரூபாய்தான் போகலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பங்கு 340 ரூபாயில் இருக்கிறது. விலை வரைபடமான சார்ட்டில் அதன் சமீபத்திய தாழ்வுக்குச் சற்றுக் கீழே, 323இல் ஸ்டாப் லாஸ் (அந்த விலைக்கு இறங்கினால் விற்றுவிட வேண்டும் என்ற எல்லை) வைக்கலாம் என்று தெரிகிறது. வித்தியாசம் 17 ரூபாய். 1,360ஐ 17ஆல் வகுத்தால் 80. எண்பது பங்குகள், 27,200 ரூபாய் முதலீடு. பெரும்பாலானவர்கள் "எவ்வளவு பணம் இருக்கிறது, எத்தனை பங்கு கிடைக்கும்" என்று தொடங்குகிறார்கள். நீங்கள் "தவறினால் எவ்வளவு போகும்" என்று தொடங்குங்கள். தொடர்ந்து பத்து முறை தோற்றாலும் 13,000 ரூபாய் அளவில்தான் போகும். கடையை நிம்மதியாக நடத்தலாம்.

எதை வாங்குவது? என் வழியைச் சொல்கிறேன். உங்களுக்குப் பொருந்தாவிட்டால் மாற்றிக்கொள்ளுங்கள். பெரிய இருநூறு நிறுவனங்கள் கொண்ட நிஃப்டி 200 பட்டியலுக்கு வெளியே போக மாட்டேன். சின்னப் பங்குகள் கீழ் சர்க்யூட்டில், அதாவது ஒரே நாளில் இறங்க அனுமதித்த எல்லையில், பூட்டிக்கொண்டால் வாங்க ஆளே இருக்காது, அப்போது ஸ்டாப் லாஸ் வெறும் எழுத்துதான். விலை ஐம்பது நாள் சராசரிக்கு மேலே இருக்க வேண்டும், அந்தச் சராசரிக் கோடும் ஏறுமுகமாக இருக்க வேண்டும். இரண்டு மூன்று வாரம் ஒரே விலை வட்டத்தில் ஓய்வெடுத்த பங்கு, வழக்கத்தைவிட அதிக வர்த்தக அளவோடு அந்த வட்டத்தின் உச்சியைத் தாண்டினால் வாங்குவேன். காலாண்டு முடிவு வெளிவரும் நாளில் கையில் வைத்திருக்க மாட்டேன். ஏறத் தொடங்கிவிட்டால் இருபது நாள் சராசரிக்குக் கீழே விலை முடியும்வரை விற்க மாட்டேன். பதினைந்து வர்த்தக நாட்களாகியும் அசையாத பங்கை விற்றுவிடுவேன்.

பத்துக்கு நான்கில்தான் எனக்கு லாபம் வருகிறது. ஆனால் அந்த நான்கும், இழக்கத் துணிந்த தொகையைப் போலச் சராசரியாக இரண்டரை மடங்கு தருகின்றன. நான்கில் அந்தத் தொகையைப் போலப் பத்து மடங்கு வருகிறது, தோற்ற ஆறில் ஆறு மடங்கு போகிறது. மிச்சம் நான்கு மடங்கு. நீங்கள் லாபத்தைப் பாதியிலேயே வெட்டினால் இந்தக் கணக்கு நிற்காது.

காலை 9.15க்குச் சந்தை திறக்கும்போது உங்கள் கடையிலும் வாடிக்கையாளர் நிற்பார். எனவே பகலில் விலையைப் பார்க்காதீர்கள். இரவு கடை அடைத்தபின் அரை மணி நேரம் தினசரி சார்ட் மட்டும் பாருங்கள். மறுநாளுக்கான ஆர்டரையும் ஸ்டாப் லாஸையும் ஜிடிடி வசதியில் (சொன்ன விலை வந்ததும் தானாக ஆர்டர் போகும் வசதி) போட்டுவிடுங்கள். அதிலும் ஒரு எச்சரிக்கை. குறிப்பிட்ட விலையைத் தொட்டதும் அது பெரும்பாலும் லிமிட் ஆர்டராகத்தான், அதாவது நாம் வைத்த எல்லை விலைக்குக் கீழே விற்காத ஆர்டராகத்தான் போகும். விலை ஒரே தாவலாக இறங்கினால் விற்காமலே நின்றுவிடலாம். 2024 ஜூன் 3 அன்று நிஃப்டி மூன்று சதவீதத்துக்கு மேல் ஏறியது. மறுநாள், தேர்தல் முடிவு வந்த அன்று, ஏறக்குறைய ஆறு சதவீதம் விழுந்தது. அன்று என்னிடம் இருந்த நான்கில் மூன்று வெளியேறின. அதில் ஒன்று நான் எழுதிவைத்த ஸ்டாப் லாஸ் விலைக்கும் கீழேதான் விற்றது. ஒவ்வொன்றிலும் ஒரு சதவீதம் என்ற கட்டு இருந்ததால் அன்று இரவு தூங்கினேன்.

ஒரு நோட்டு வாங்குங்கள். கைப்பட எழுதுங்கள். வாங்கும் முன்பே தேதி, பங்கு, ஏன் வாங்குகிறேன் என்று ஒரே வரி, விலை, ஸ்டாப் லாஸ், எண்ணிக்கை. காரணத்தை ஒரு வரியில் எழுத முடியாவிட்டால் வாங்க வேண்டாம். விற்றபின், விதிப்படி நடந்தேனா என்று மட்டும் எழுதுங்கள். விதியை மீறியும் லாபம் வந்த வியாபாரத்தை நான் சிவப்பு மையால் குறிப்பேன். நஷ்டத்தைவிட எனக்கு அதுதான் பயம், ஏனென்றால் அடுத்த முறையும் மீறச் சொல்லும். முப்பது வியாபாரம் முடியும்வரை ஒரு விதியையும் மாற்றாதீர்கள். வாரம் ஒரு முறையை மாற்றியதால்தான் எது சரி, எது தவறு என்றே உங்களுக்குத் தெரியாமல் போயிற்று.

கேள்வி: நான் ஸ்டாப் லாஸில் விற்ற மறுநாளே பங்கு ஏறிவிடுகிறது. ஸ்டாப் லாஸ் வைப்பதை நிறுத்திவிடலாமா?
- ஒரு வாசகர், உசிலம்பட்டி

பதில்: நிறுத்தாதீர்கள், தள்ளி வையுங்கள். ஒரு பங்கு சாதாரணமாகவே நாளொன்றுக்கு 12 ரூபாய் மேலும் கீழும் ஆடினால், 8 ரூபாய் தூரத்தில் வைத்த ஸ்டாப் லாஸ் சும்மாவே அடிபடும். கடந்த பதினான்கு நாட்களின் சராசரி ஆட்டத்தை ஏடிஆர் என்ற அளவு காட்டும். அதைப்போல ஒன்றரை அல்லது இரண்டு மடங்கு இடம் கொடுங்கள். தூரம் கூடினால் பங்கின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும், இதை மறக்காதீர்கள். விற்ற பங்கு மறுபடி உங்கள் விதிக்குள் வந்தால் கூடுதல் விலையானாலும் புதிய வியாபாரமாக வாங்கலாம். அதில் வெட்கம் எதற்கு?

கேள்வி: என் கணவர் ஆப்ஷனில் (பங்கின் வருங்கால விலையை வைத்துப் போடும் ஒப்பந்தம்) பணம் விட்டுவிட்டார். இப்போது ஸ்விங் டிரேடிங் செய்து மீட்கிறேன், ஆறு பவுன் சங்கிலியை அடகு வைக்கக் கொடு என்கிறார். கொடுக்கலாமா?
- ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்: கொடுக்காதீர்கள், அம்மா. இந்தப் பக்கத்தை அவரிடம் காட்டுங்கள்.

பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பு 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வின்படி, 2024 மார்ச்சோடு முடிந்த மூன்று ஆண்டுகளில் பங்கு ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன் ஒப்பந்தங்களில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டமடைந்தார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். உங்கள் கணவர் ஒருவர் மட்டும் தவறிவிடவில்லை. அவரைத் திட்ட வேண்டாம். ஆனால் அடகுப் பணத்துக்கு மாதாமாதம் வட்டி ஓடும். வட்டி ஓடும்போது பொறுமை இருக்காது. ஸ்டாப் லாஸில் விற்க வேண்டிய இடத்தில் "சங்கிலியை எப்படி மீட்பேன்" என்றுதான் கை தயங்கும். அவர் ஆறு மாதம் பணம் போடாமல் காகிதத்தில் மட்டும் எழுதிப் பழகட்டும். பிறகு சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணத்தில், வீட்டுச் செலவைத் தொடாமல், சிறிதாகத் தொடங்கட்டும். அதற்கு அவர் சம்மதிக்காவிட்டால் சங்கிலியைப் பூட்டிச் சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: செலவும் வரியும் எவ்வளவு ஆகும்?
- ஒரு வாசகர், வாடிப்பட்டி

பதில்: டெலிவரியில், அதாவது அன்றே விற்றுவிடாமல் பங்கை நம் கணக்கில் வாங்கி வைக்கும் முறையில், வாங்கும்போதும் விற்கும்போதும் பங்குப் பரிவர்த்தனை வரி 0.1 சதவீதம். வாங்கும்போது முத்திரைக் கட்டணம் 0.015 சதவீதம். விற்கும்போது, பங்குகள் இருக்கும் டீமேட் கணக்கின் கட்டணம் உண்டு. புரோக்கர் கட்டணம் ஆளுக்கு ஆள் மாறும். ஐயாயிரம் ரூபாய்க்கு வாங்கி விற்றால் இந்தச் சில்லறைகளே லாபத்தில் ஒரு பகுதியைக் கொண்டுபோகும். பன்னிரண்டு மாதத்துக்குள் விற்ற லாபம் குறுகிய கால மூலதன ஆதாயமாகக் கணக்கிடப்பட்டால், 2024 ஜூலை 23 முதல் 20 சதவீத வரியும் அதன்மேல் செஸ் என்ற கூடுதல் வரியும் உண்டு. அப்படி வரும் நஷ்டத்தை எட்டு ஆண்டுகள்வரை முன்கொண்டு சென்று பின்னால் வரும் ஆதாயத்தில் கழித்துக்கொள்ளலாம். அதற்கு வருமான வரிக் கணக்கை உரிய தேதிக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும். நஷ்டம்தானே என்று இந்த ஆண்டு விட்டுவிடாதீர்கள்.