லிஃப்டில் நடந்ததை யாரிடம் போய்ச் சொல்வது?

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்ததிலிருந்து உங்கள் மனைவி நினைப்பாகவே இருக்கிறது. நீங்கள் பினாங்கில் பாயான் லெப்பாஸுக்கு வேலைக்கு வந்து ஐந்து மாதம்தான் ஆகிறது. அதற்குள் அடுக்குமாடியில் ஒருவன் லிஃப்டில் அவரை இரண்டு தடவை இனத்தைச் சொல்லித் திட்டியிருக்கிறான், போன வாரம் காலி டின்னை எறிந்து தோளில் பட்டிருக்கிறது. மேனேஜ்மென்ட் ஆபிஸில் ‘கண்டுக்காதீங்க’ என்கிறார்கள். போலீஸுக்குப் போனால் இங்கே தங்க அனுமதிக்கும் பாஸுக்கு ஆபத்தா, பிரிட்டனில் இதற்கென்று தனி இடம் உண்டு என்று லெஸ்டரில் இருக்கும் அத்தான் சொல்கிறாரே, இங்கேயும் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அத்தான் சொல்வது சரிதான். பிரிட்டனில் 1993-ல் ஸ்டீபன் லாரன்ஸ் என்ற கறுப்பினப் பையனைக் கொன்றார்கள். அதை விசாரித்த மேக்ஃபர்சன் அறிக்கை 1999-ல் வந்தது. இனவெறிப் புகாரைக் காவல் நிலையத்துக்கு வெளியிலும் வாங்க வேண்டும் என்று அது சொன்னது. நிலையத்துக்குள் நுழையவே பயப்படுகிறவர்கள் தெரிந்த இடத்தில் உட்கார்ந்து சொல்ல அங்கே வழி இருக்கிறது.

இங்கே மலேசியாவில் வெறுப்புக் குற்றம் என்ற பெயரில் தனிச் சட்டம் இல்லை. ஆனால் தண்டனைச் சட்டத்தில் அடித்தால் 323-வது பிரிவு, சண்டைக்கு இழுக்கும் நோக்கில் அவமதித்தால் 504, மிரட்டினால் 506 இருக்கின்றன. துணைக்கு வரும் ஆட்களை மட்டும் நாமே சேர்த்துக்கொள்ள வேண்டும். நான் சேர்த்த கதையைச் சொல்கிறேன்.

2011-ல் சுங்கை ஆராவில் குடியிருந்தோம். ஒரு விடியற்காலை கதவைத் திறந்தால், மாவிலைத் தோரணத்துக்குக் கீழே சிவப்புப் பெயின்டில் ‘கெலிங்’ என்று, இந்தியர்களை இழிவாகச் சொல்லும் சொல், எழுதியிருந்தது. எழுத்திலிருந்து வழிந்த பெயின்ட் முதல் நாள் போட்ட கோலம் வரைக்கும் வந்திருந்தது. எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டி சத்தம் கேட்டு வந்தார், உள்ளே ஓடித் தின்னர் பாட்டிலும் பழைய பனியனும் கொண்டுவந்தார். அவர் கையைத் தடுத்தது மேல்மாடி சிக்கு, ஓய்வு பெற்ற மலாய் ஆசிரியர். “முதலில் படம் எடு, அப்புறம் துடை” என்றார். அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்தது.

பாலாய்க்கும், அதாவது போலீஸ் நிலையத்துக்கும், அவர்தான் கூடவே வந்தார். அங்கிருந்தவர் இது சின்ன விஷயம் என்றார். சிக்கு விடவில்லை. ரிப்போர்ட்டை மலாயில் சொல்லி எழுதவைத்தார், அந்தச் சொல்லையும் அப்படியே போடச் சொன்னார். ஏன் சொல்கிறேன் என்றால், ஜார்ஜ் டவுனில் 1801-ல் எழுந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலின் பெயரிலேயே அந்தச் சொல் இருக்கிறது. ஒரு காலத்தில் அது வெறும் இனப்பெயர். அதனால், “கெட்ட வார்த்தை சொன்னான்” என்று மட்டும் எழுதினால் போதாது. என்ன சொன்னான், எந்தக் குரலில் சொன்னான், கையை எப்படி ஓங்கினான் என்பதெல்லாம் வர வேண்டும்.

எழுதியவன் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. ஆனால் ருக்குன் தெத்தாங்காவில் சிக்கு பேசினார். 1975-லிருந்து நாட்டில் இருக்கும் அக்கம்பக்கக் காவல் ஏற்பாடு அது. ராத்திரிச் சுற்றில் எங்கள் பிளாக்கையும் சேர்த்தார்கள். இரண்டு மாதமாக லிஃப்டை விட்டுவிட்டு ஏழு மாடி ஏறிக்கொண்டிருந்த நான், ஆன்ட்டி தினமும் காலையில் கதவைத் தட்டிக் கூப்பிட்டதால்தான் மறுபடி லிஃப்டில் ஏறினேன்.

இப்போது உங்கள் விஷயம். நாளைக்கே டாக்டரிடம் காட்டித் தோள் வலியை எழுத்தில் வாங்குங்கள். சிசிடிவி பதிவை அழிக்காமல் வைக்கச் சொல்லி ஆபிஸுக்குக் கடிதம் கொடுங்கள், பழைய பதிவு மேல் புதுப் பதிவு ஏறிவிடும். பிறகு பாலாய். அடிபட்டவர் நடந்ததைச் சொல்வதற்காக யாரும் பாஸைப் பறிப்பதில்லை, பொய்ப் புகார்தான் குற்றம். பாஸ்போர்ட்டை எடுத்துப் போங்கள், ரிப்போர்ட் நகலை வாங்காமல் வராதீர்கள்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், பிறகு மனம் உடையக் கூடாது. சிறு காயமும் வசவும் போலீஸ் வாரண்டு இல்லாமல் கைது செய்கிற வகை இல்லை. மாஜிஸ்திரேட்டிடம் போங்கள் என்று அனுப்பிவிடலாம். அந்தக் கட்டத்தில் பினாங்கு வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தில் வழி கேளுங்கள். வாரண்டு இல்லாமல் கைது செய்கிற வகைக் குற்றம் என்று பதிவாகியிருந்தால், நான்கு வாரம் கழித்து விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதிக் கேட்கலாம், இரண்டு வாரத்துக்குள் பதில் தர வேண்டும்.

அரசின் ஒற்றுமைத் துறை பயிற்சி கொடுத்த சமூக மத்தியஸ்தர்களும் உண்டு. கார் நிறுத்தும் சண்டைக்கு அவர்கள் நல்லவர்கள். உங்களுக்கு இப்போது வேண்டாம் என்பேன். டின் எறிந்தவனோடு கை குலுக்கிப் படம் எடுத்துவிட்டு, மறுநாள் அதே லிஃப்டில் உங்கள் மனைவிதானே தனியாக நிற்க வேண்டும்? முதலில் ரிப்போர்ட், பேச்சு பிறகு.

அவன் என்ன இனம் என்று நீங்கள் எழுதவில்லை. நானும் கேட்கப்போவதில்லை. தைப்பூசத்துக்கு ரதம் வரும் வழியில் சீனர்கள் மலைமலையாகத் தேங்காய் உடைக்கிற ஊர் இது.

உங்கள் மனைவியிடம், “நீ ஏன் பதில் பேசவில்லை” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். என் வீட்டுக்காரர் கேட்டார். பெயின்டைவிட அது வலித்தது. உங்கள் மனைவிக்கு யாரிடமாவது பேசத் தோன்றினால், மனக்கஷ்டத்தைக் காதுகொடுத்துக் கேட்கிற தொலைபேசிச் சேவையான பிஃப்ரெண்டர்ஸ் பினாங்கு இருக்கிறது, பெயர்கூடச் சொல்ல வேண்டாம்.

சனிக்கிழமை எனக்கு வேலை இல்லை. காலை ஒன்பது மணிக்கு உங்கள் பிளாக் வாசலுக்கு வருகிறேன், பாலாய்க்கு மூன்று பேரும் சேர்ந்து போவோம். மலாயில் எழுத நான் இருக்கிறேன். உங்கள் மனைவிக்குச் சம்மதமா என்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள்.