கேபிளை நடந்து பாருங்கள்

கேள்வி: கூடங்குளத்தில் 2019இல் கணினி வைரஸ் புகுந்ததாமே, அணுஉலையையும் பிடித்துவிடாதா?
– வாசகி, நோட்டன்பிரிட்ஜ்

பதில்: புகுந்தது நிர்வாகக் கணினியில், உலைக் கட்டுப்பாடு அதனுடன் இணைக்கப்படவில்லை என்றது இந்திய அணுமின் கழகம். நிலையத்தின் பாதுகாப்பைச் சோதிக்கும் மதிப்பீட்டாளர் அந்தச் சொல்லோடு நின்றுவிடக் கூடாது. வரைபடத்தோடு ஒவ்வொரு கேபிளையும் நடந்து பார்க்க வேண்டும். அமெரிக்காவின் டேவிஸ்-பெஸ் அணுமின் நிலையத்தில் 2003இல் ஸ்லாமர் என்ற புழு (தானே பரவும் தீய நிரல்) ஃபயர்வால் என்ற இணையத் தடுப்பரண் வழியே வரவில்லை. ஒப்பந்தக்காரரின் தனி இணைப்பில் வந்து, பாதுகாப்பு அளவீட்டுத் திரையை ஏறத்தாழ 5 மணி நேரம் முடக்கியது. நல்லவேளை, உலை அப்போது நிறுத்தத்தில் இருந்தது.

பென்டிரைவ், பராமரிப்பு லேப்டாப் இரண்டையும் சோதிக்காமல் விடாதீர்கள். ஒன்று பழுதானால் மற்றது காக்க வைத்திருக்கும் 4 பாதுகாப்புச் சேனலும் ஒரே மென்பொருளில் ஓடினால் ஒரே பிழை நான்கையும் சாய்க்கும். கணினி சாராத தனி நிறுத்த அமைப்பு கட்டாயம். உங்கள் பக்கத்து லக்சபான போன்ற நீர்மின் நிலையங்களுக்கும் இது பொருந்தும்: டர்பைன் வேகம் மிஞ்சினால் கணினி செத்திருந்தாலும் டர்பைன் நிற்க வேண்டும்.