அஜந்தா: முழங்காலைப் பார்த்துப் பயப்படாதீர்கள், ஏஜெண்டைப் பார்த்துப் பயப்படுங்கள்

கேள்வி: டிசம்பர் பள்ளி விடுமுறையில் 68 வயது அம்மாவை அஜந்தா குகைகளுக்கு அழைத்துப் போக நினைக்கிறேன். இரண்டு முழங்காலிலும் தேய்மானம். முன்பெல்லாம் தைப்பூசத்துக்குப் பினாங்குத் தண்ணீர்மலைக் கோயில் படி ஏறியவர், இப்போது பாதியிலேயே உட்கார்ந்துவிடுகிறார். அம்மாவிடம் ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளியினரான வெளிநாட்டவருக்கு இந்திய அரசு தருவது) இருக்கிறது, எனக்கு இல்லை. குகைகளுக்கு எதிரே உள்ள வியூ பாயிண்ட் மலைப்பாதையில் நடக்கவும் எனக்கு ஆசை. கோலாலம்பூர் ஏஜெண்டு ஒருவர் விசா, டோலி, டிக்கெட் எல்லாம் சேர்த்து, அஜந்தா எல்லோரா இரண்டையும் ஒரே திங்கட்கிழமையில் காட்டிவிடுவதாகச் சொல்கிறார். அம்மாவால் முடியுமா?
— வாசகர், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: அம்மாவால் முடியும். ஏஜெண்டால்தான் முடியாது. திங்கட்கிழமை அஜந்தாவுக்கு வார விடுமுறை, எல்லோராவுக்குச் செவ்வாய். இதுகூடத் தெரியாதவரிடம் அம்மாவையும் ரிங்கிட்டையும் ஒப்படைக்காதீர்கள். ஒரே நாள் கணக்கும் உதவாது. சத்ரபதி சம்பாஜிநகரில் தங்குவீர்கள் (2023இல் பெயர் மாறினாலும் பலர் வாயில் இன்னும் அவுரங்காபாத்தான்). அங்கிருந்து அஜந்தா ஏறக்குறைய 100 கிலோமீட்டர் ஒரு பக்கம், எல்லோரா 30 கிலோமீட்டர் இன்னொரு பக்கம். இரண்டையும் ஒரே நாளில் திணித்தால் அம்மா பார்ப்பது வேன் ஜன்னலைத்தான். அஜந்தாவுக்கு ஒரு முழு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, முழங்காலுக்கு வருவோம். உங்கள் வேன் குகை வரை போகாது. புகையால் ஓவியங்கள் கெடக்கூடாது என்று, 4 கிலோமீட்டர் முன்பே ஃபர்தாபூர் சந்திப்பில் எல்லா வண்டியையும் நிறுத்திவிடுவார்கள். அங்கிருந்து அரசுப் பேருந்து. இந்த ஏற்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வளாகத்துக்கு ஒரு சீட்டு, பேருந்துக்கு ஒரு சீட்டு, குகைக்கு ஒரு சீட்டு என்று வயதானவர்களையும் மறுபடி மறுபடி வரிசையில் நிற்க வைக்கிறார்களே, அதற்கு ஒரு நியாயமும் எனக்குப் புரிந்ததில்லை. அம்மாவை நிழலில் உட்காரவைத்துவிட்டு வரிசையில் நீங்கள் மட்டும் நில்லுங்கள்.

பேருந்து இறக்கிவிடும் இடத்திலிருந்து முதல் குகை மட்டத்துக்கு ஏறும் படிகள்தான் கடினம். தண்ணீர்மலையின் 513 படிகளோடு பார்த்தால் இது சின்ன ஏற்றம். அதற்கு மேல் குதிரை லாட வளைவில் பாறையை ஒட்டியே நடைபாதை போகிறது. அது சமதளம் இல்லை. ஏறி இறங்கும், குகைக்குக் குகை நாலைந்து படியாவது வரும். அம்மாவுக்கு டோலி எடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. நாற்காலியில் உட்காரவைத்து நான்கு பேர் தூக்கிப் போவார்கள்.

டோலியைக் கோலாலம்பூரிலிருந்து புக் செய்ய வேண்டிய அவசியமே கிடையாது. படிக்கட்டு அடியிலேயே ஆட்கள் நிற்பார்கள். பேரம் பேசும்போது மூன்று விஷயத்தை முடித்துக்கொள்ளுங்கள்: போகவர இரண்டுக்கும் சேர்த்தா, குகைக்கு வெளியே காத்திருக்கும் நேரமும் அதில் அடக்கமா, எந்தக் குகை வரை. பணம் கீழே இறங்கிய பிறகுதான். பாதி வழியில் இறக்கிவைத்துவிட்டுக் கூடுதல் கேட்பது ஊரறிந்த வித்தை. நடுவில் ஒருவர் ஏற்பாடு செய்து தந்தால், தூக்குகிறவர் கைக்குப் போவது குறையும், உங்கள் கையிலிருந்து போவது கூடும்.

அடுத்து டிக்கெட். நம் ஆட்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். இந்தியருக்கு 40 ரூபாய், வெளிநாட்டவருக்கு 600. வாசலில் ஒருவர் வந்து, "உங்க முகம் நம்ம முகம்தானே, 40 ரூபா சீட்டிலேயே உள்ளே அனுப்புறேன், எனக்கு 200 கொடுங்க" என்பார். பேக்கேஜ் ஆசாமிகளோ உங்களிடம் 600 கணக்கு எழுதி வாங்கிக்கொண்டு கையில் 40 ரூபாய்ச் சீட்டைத் திணிப்பார்கள். உள்ளே சோதிப்பவர் அடையாள அட்டை கேட்டால் தலைகுனிந்து நிற்பது நீங்களும் அம்மாவும்தான், அந்த ஆசாமி அல்ல. சார்க் (தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பு), பிம்ஸ்டெக் (தாய்லாந்தும் உள்ள வங்காள விரிகுடா நாடுகளின் கூட்டமைப்பு) நாட்டவருக்கு இந்தியர் கட்டணம் உண்டு. ஆசியானையும் பிம்ஸ்டெக்கையும் குழப்பி, மலேசியாவும் அதில் சேர்த்தி என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். சேர்த்தி இல்லை. தாய்லாந்துக்காரர் 40 ரூபாயில் போவார், ஆயிரம் வருஷ உறவு பேசுகிற நாம் 600 கட்ட வேண்டும். எரிச்சலாகத்தான் இருக்கும். கட்டிவிடுங்கள்.

உங்கள் அம்மா விஷயம் வேறு. ஓசிஐ அட்டை வைத்திருப்பவர்களுக்குத் தேசிய நினைவுச் சின்னங்கள், அருங்காட்சியகங்கள், தேசியப் பூங்காக்கள் ஆகியவற்றின் நுழைவுக் கட்டணத்தில் இந்தியக் குடிமக்களுக்குச் சமமான இடம் தந்து, 2021 மார்ச்சில் இந்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. ஆகவே அம்மாவுக்கு 40 ரூபாய்தான். மலேசியப் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் கவுண்டரில் இருப்பவர் 600 என்று கை காட்டினால் அப்படியே கொடுத்துவிடாதீர்கள். முதலில் ஓசிஐ அட்டையை நீட்டுங்கள், பாஸ்போர்ட் பிறகு. அட்டையின் போட்டோ நகல் வேண்டாம், அசலே இருக்கட்டும். அறிவிக்கையைக் கைப்பேசியில் சேமித்து வையுங்கள். அம்மாவின் ஓசிஐ சலுகை உங்களுக்கு ஒட்டாது. "ஒரே குடும்பம்தானே" என்பது அங்கே எடுபடாது. இன்னொன்றும் இருக்கிறது. 50 வயதுக்குப் பிறகு பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால், புதியதன் நகலையும் உங்கள் அம்மாவின் படத்தையும் ஒருமுறை ஓசிஐ தளத்தில் பதிவேற்ற வேண்டும். இது இலவசம். இதற்கும் "சர்வீஸ் சார்ஜ்" கேட்பவர்கள் உண்டு.

அம்மாவுக்கு விசா வேண்டாம், உங்களுக்கு வேண்டும். இணையத்தில் "இந்தியா இ-விசா" என்று தேடினால் அரசுச் சின்னம் போலவே ஒன்றைப் போட்டுக்கொண்டு போலித் தளங்கள் வரிசை கட்டி நிற்கும். உண்மையான தளத்தின் முகவரி "ஜிஓவி டாட் இன்" என்று முடியும். டாட் காம், டாட் ஆர்க் எதுவாக இருந்தாலும் மூடிவிடுங்கள். படிவம் நீளமானது, பாட்டன் முப்பாட்டன் கதையெல்லாம் கேட்பது போலத்தான் இருக்கும். பொறுமையாக நீங்களே நிரப்பலாம்.

ஃபர்தாபூர் சந்திப்பில் பேருந்துக்கு நடக்கும் வழியெல்லாம் கடைகள். தக்காணப் பாறைக் குழிகளில் கிடைக்கும் பளபளப்புக் கல் ஒன்றை ஒருவர் அம்மா கையில் வைத்து, "இனாம்" என்பார். திரும்பி வரும்போது அவர் கடைக்குக் கட்டாயம் போயாக வேண்டும் என்பது அந்த இனாமின் விலை. வாங்கவே வேண்டாம்.

சுமார் 30 குகைகளில் எல்லாவற்றையும் பார்க்க நினைக்காதீர்கள். 1, 2, 16, 17 ஆகியவற்றில் கி.பி. 5ஆம் நூற்றாண்டு ஓவியங்கள் இருக்கின்றன. முதல் இரண்டும் நுழைந்ததும் வந்துவிடும். அம்மாவுக்கு முதல் குகையின் பத்மபாணி (தாமரை ஏந்திய போதிசத்துவர்) ஓவியத்தை மட்டும் நிதானமாகக் காட்டினாலே போதும். தெம்பு இருந்தால் கடைசிப் பக்கமுள்ள 26ஆம் குகையின் பரிநிர்வாண புத்தரையும் (உயிர் பிரியும் நிலையில் படுத்திருக்கும் சிலை) பார்க்கட்டும். டோலி வாசல் வரைதான், உள்ளே நடக்க வேண்டும், செருப்பைக் கழற்ற வேண்டும். உள்ளே மங்கல் வெளிச்சம், தரையும் மேடுபள்ளம். கெட்டியான காலுறை ஒரு ஜோடி எடுத்துப் போங்கள். கேமரா ஃபிளாஷ் கூடாது. படி ஏறாமல் குகைகளின் மாதிரிகளைப் பார்க்கலாம் என்று ஜப்பான் கடனில் பெரிய மையம் ஒன்று கட்டினார்கள். தண்ணீர், மின்கட்டணப் பாக்கியில் அது மூடிக் கிடந்ததுண்டு. அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

பினாங்குப் பக்கம் இருப்பவர் என்பதால் இதையும் சொல்கிறேன். அந்த ஓவியங்கள் தீட்டப்பட்ட அதே 5ஆம் நூற்றாண்டில், புத்தகுப்தன் என்ற மாலுமி ஸ்தூபி உருவம் செதுக்கிய கல்வெட்டு ஒன்றை உங்கள் செபராங் பிறையில் விட்டுப் போனான். பிரிட்டிஷ் அதிகாரி ஜேம்ஸ் லோ 1834இல் அதைக் கண்டெடுத்தார். இப்போது அது கொல்கத்தா அருங்காட்சியகத்தில்.

வியூ பாயிண்ட் நடையைக் கடைசியில் வையுங்கள். வியூ பாயிண்டிலிருந்து குகைகளுக்கு இறங்கும் நடையை ஏஜெண்டுகள் "டிரெக்கிங்" என்று தனி விலை போட்டு விற்பார்கள். அந்த ஏற்பாட்டில் அம்மா ஒரு பக்கம், நீங்கள் ஒரு பக்கம், டிக்கெட் வேறு யார் கையிலோ. சேர்ந்து குகைகளைப் பார்த்து முடித்ததும், பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்து உணவகத்தில் அம்மாவை உட்காரவைத்துவிட்டு, வகோரா ஆற்றுப் பாலத்தைக் கடந்து எதிர்க்கரையில் ஏறுங்கள். 1819இல் புலி வேட்டைக்கு வந்த ஜான் ஸ்மித் என்ற ஆங்கிலேய அதிகாரி அந்தப் பக்கத்திலிருந்துதான் குகை வாயிலைக் கண்டதாகச் சொல்வார்கள். 10ஆம் குகைத் தூணில் அவர் கீறிய பெயரை முன்பே தேடிப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அது ஆள் உயரத்துக்கு மேலே இருக்கும், அன்று தரை மண்மூடி உயர்ந்திருந்தது. டிசம்பரில் பாதை உலர்ந்திருக்கும், நிழல் குறைவு. குகைகள் மாலை ஐந்தரைக்கு மூடும். மூன்று மணிக்கு மேல் ஏறத் தொடங்காதீர்கள், கடைசி நேரத்தில் பேருந்து வரிசையில் அம்மாவை நிற்க வைக்க வேண்டிவரும்.