கடைமடைக்குத் தண்ணீர் வர நாளாகும்

அன்புள்ள அக்கா,

எனக்கு 27 வயது. மன்னார்குடிப் பக்கம். கல்யாணமாகி இரண்டு வருடம். வீட்டுக்காரர் நல்லவர், ஆனால் அவராக என்னைத் தேடி வருவதே இல்லை. நான் கையைப் பிடித்தாலே "அலுப்பா இருக்கு" என்று திரும்பிப் படுத்துக்கொள்கிறார். மாமியாரோ "விசேஷம் இல்லையா" என்று என்னைத்தான் கேட்கிறார். பொம்பளை நான் இப்படி ஆசைப்படுவது தப்பா? பெயர் போட வேண்டாம்.

அன்புள்ள தங்கைக்கு,

தப்பே இல்லை. ஆசை ஆணுக்கு, இணங்குவது பெண்ணுக்கு என்று சொல்லியே நம்மை வளர்த்துவிட்டார்கள். அதனால் ஆசைப்படுகிற நீங்களும் கூசுகிறீர்கள், ஆசை வராத அவரும் கூசுகிறார்.

ஜூன் 12 மேட்டூர் திறந்தால் மூன்று நான்கு நாளில் கல்லணைக்குத் தண்ணீர் வந்துவிடும். கடைமடைக்கு வாரக்கணக்காகும். ஆசையும் சிலருக்கு நினைத்ததும் வரும். சிலருக்கு அலுப்பு ஆறி, பக்கத்தில் உட்கார்ந்து, தொட்டுப் பேசிய பிறகுதான் வரும். கனடா மருத்துவர் ரோஸ்மேரி பாசன் 2000-ல் பெண்களைப் பற்றி இப்படி எழுதினார். ஆண்களிலும் உண்டு. நானே குழந்தைக்குப் பால் கொடுத்த காலத்தில் திரும்பிப் படுத்தவள்தான். என் வீட்டுக்காரர்மேல் வெறுப்பில்லை, உடம்பு கேட்கவில்லை, அவ்வளவுதான்.

கையைப் பிடித்தாலே திரும்பிக்கொள்கிறார் என்றால், கை பட்டாலே அதற்குத்தான் என்று அவர் பயப்படுகிறார் போலிருக்கிறது. கொஞ்ச நாள் எதையும் எதிர்பார்க்காமல் தலையைக் கோதிவிடுங்கள், தோளில் சாயுங்கள். பேச்சைப் படுக்கையில் எடுக்காதீர்கள். சாயங்காலம் பாமணியாற்றுக் கரையில் வண்டியில் போகும்போது, பின்னாலிருந்து பேசுங்கள். முகம் பார்க்க வேண்டியதில்லை என்பதே பாதி தைரியம். "எனக்கு நீங்க வேணும்னு இருக்கு. உங்களுக்கு மனசுல என்ன ஓடுது?" என்று கேட்டுவிட்டு, அப்புறம் வாயைத் திறக்காதீர்கள். கடனோ, தூக்கமின்மையோ, வேறு எதுவோ வெளியே வரட்டும். அன்றைக்கு வேண்டாம் என்றால் வேண்டாம்தான், யார் சொன்னாலும்.

திடீரென்று குறைந்ததா என்றும் கேளுங்கள். சர்க்கரை, தைராய்டு, மனச்சோர்வு, அதற்குச் சாப்பிடும் சில மாத்திரைகள்கூடக் காரணமாகலாம். டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைக் காலையில் ரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். அரசு மருத்துவமனைக்கு இரண்டு பேரும் சேர்ந்தே போங்கள். பஸ் ஸ்டாண்டுச் சுவரில் 'இழந்த சக்தி' என்று நோட்டீஸ் ஒட்டும் லாட்ஜ் வைத்தியரிடம் மட்டும் போகாதீர்கள். அந்த விளம்பரத்தையே 1954-ம் வருடச் சட்டம் தடை செய்திருக்கிறது.

மாமியார் விஷயம். அடுத்த முறை கேட்டால் நீங்கள் பதில் சொல்ல வேண்டாம். "நாங்க பாத்துக்குறோம்மா" என்று உங்கள் வீட்டுக்காரர் சொல்லட்டும். அதையும் அந்த வண்டியிலேயே அவரிடம் கேட்டு வையுங்கள்.