சிசிலிக்குப் படிக்க வந்த தம்பிக்கு: கிரேக்கர் கிரேக்கரான கதை

தம்பி, நீர் கேட்டது மூன்று: பலேர்மோவில் வீடு, வதிவிட அனுமதி, பிறகு பல்கலைக்கழகத்தில் தந்த கேள்வி. பழைய கிரேக்கர் எப்போது தங்களை ஒரே சனமாக நினைக்கத் தொடங்கினார்கள், அதைச் சிசிலியில் எங்கே பார்க்கலாம் என்று. அனுமதிக் கடதாசிக்குப் பத்ரொனாத்தோ என்ற உதவி அலுவலகத்திடம் போம். வீட்டுக்கு, பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் காசு கொடுக்காதேயும். அவ்வளவுதான். மூன்றாவதில்தான் கனபேர் வழி தவறுகிறார்கள்.

ட்ரோய் போரிலிருந்து தொடங்காதேயும். அந்தப் போரைப் பாடும் ஹோமரின் இலியட்டில் கிரேக்கப் படைக்கு அக்கேயர், தனாயர், ஆர்கைவர் என்று பெயர். பின்னாளில் கிரேக்க நாடு முழுவதற்கும் பெயரான ஹெல்லாஸ் என்பது அங்கே, வட கிரேக்கத்தில் தெசலிப் பக்கம், அக்கிலீஸ் என்ற வீரனின் ஆட்கள் இருந்த சிறு பகுதி. எல்லாரையும் ஹெல்லேனியர், அதாவது கிரேக்கர், என்று சேர்த்துச் சொல்லும் வழக்கம் ஹோமர் காலத்தில் இல்லை என்று வரலாற்றாசிரியர் துசிடிடீஸே கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எழுதிவைத்துவிட்டார்.

கிரேக்க நாட்டுக்குள் மட்டும் தேடுவதும் பிழை. ஊரில் இருந்தவரை ஒருவன் கொரிந்தியன், இன்னொருவன் மெகாரன். கடல் கடந்த பிறகும் அது இலேசில் போகவில்லை. கி.மு. 6ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் எகிப்திய அரசன் இரண்டாம் சம்மெதிக்கஸின் கூலிப்படையில் போன கிரேக்கர் அபு சிம்பல் கோயிலில் ராம்செஸ் சிலையின் காலில் பெயர் வெட்டினார்கள். ஒருவன் தெயோஸ்காரன், இன்னொருவன் கொலொபோன்காரன், வேறொருவன் இயலிசோஸ்காரன். கிரேக்கன் என்று ஒருவரும் வெட்டவில்லை. ஆனால் எகிப்தியப் படை அவர்களை 'வேற்றுமொழிக்காரர்' என்று ஒரே தளபதிக்குக் கீழே விட்டிருந்தது. வெளியில் இருந்தவன்தான் முதலில் ஒன்றாக்கினான் என்பது என் கருத்து.

அடுத்த படி நைல் கழிமுகத்து நௌக்ராதிஸ், கிரேக்க வணிகர்களின் துறைமுகம். அமாசிஸ் மன்னன் (கி.மு. 570–526) காலத்தில் கிரேக்கரின் மூன்று கிளைகளையும் சேர்ந்த ஒன்பது நகரங்கள் சேர்ந்து 'ஹெலெனியன்' என்ற பொதுக்கோயிலைக் கட்டின. கியோஸ், தெயோஸ், போகேயா, கிளாசொமெனே அயோனியர். ரோட்ஸ், க்னிடஸ், ஹலிகர்னாசஸ், பசேலிஸ் டோரியர். மித்திலீன் ஏயோலியர். 1899இல் தொல்லியலாளர் ஹோகார்த் தோண்டியபோது கிடைத்த கிண்ண ஓடுகளில் 'ஹெல்லேனியரின் தெய்வங்களுக்கு' என்று கீறியிருக்கிறது. மிலேத்தஸ், சாமோஸ், ஏகினா மூன்றும் தங்களுக்கென்று தனிக்கோயில் வைத்துக்கொண்டன. துறைமுக அதிகாரிகளை நியமிக்கும் உரிமை, பொதுக்கோயில் கட்டிய ஒன்பதுக்கே இருந்தது என்கிறார் பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரொடோட்டஸ். ஊருக்கொரு சங்கம் வைத்துக்கொண்டு பொதுக் காரியமென்றால் எட்டிப்பார்க்காத நம்மவர்கள் இந்த இடத்தை ஆறுதலாக வாசிக்க வேண்டும்.

கிரேக்கர் எல்லாருக்கும் பொதுவான விளையாட்டு விழா நடந்த ஒலிம்பியாவிலும் இதே கதைதான். அங்கே காணிக்கைகளை வைக்கக் கருவூலம் கட்டியதாகப் பழைய பயண எழுத்தாளர் பவுசானியாஸ் பெயர் சொல்லும் பத்து நகரங்களில் சிகியோனும் மெகாராவும் மட்டுமே தாய்நாட்டு நகரங்கள். மற்ற எட்டும் சிரகூசா, கேலா, செலினுந்தே, கிரேனே என்று குடியேறிய சனத்துடையவை. தூரத்தில் இருந்தவனுக்குத்தான் தானும் கிரேக்கன் என்று காட்டவேண்டிய தேவை கூட.

சிசிலியில் ஒரே இடம் பார்க்க நேரமென்றால் ஹிமேராவுக்குப் போம். பலேர்மோவிலிருந்து கிழக்கே, தெர்மினி இமெரேசே தாண்டி, சுமார் 50 கி.மீ. கி.மு. 648 அளவில் சான்க்லே, அதாவது இன்றைய மெசினாவிலிருந்து, கால்கிடியர் (கால்கிஸ் நகர வழிவந்த அயோனியர்) வந்து குடியேறினர். சிரகூசாவிலிருந்து துரத்தப்பட்ட டோரியரும் கூடவே வந்தார்கள். பேச்சு இரண்டும் கலந்தது, சட்டமும் வழக்கமும் கால்கிடியருடையதாய் நின்றது. கி.மு. 480இல் அங்கேதான் சிரகூசாவை ஆண்ட கெலோனும் அக்ரகாஸை ஆண்ட தெரோனும் வட ஆபிரிக்காவின் கார்த்தேஜ் படையை முறியடித்தார்கள். அந்த வெற்றிக்குப் பின் எழுந்த கோயிலின் அடித்தளம் இன்னும் கிடக்கிறது. கூரை விளிம்பில் மழைநீர் விழ வைத்த சிங்கத்தலைகளைப் பலேர்மோ சாலினாஸ் மியூசியத்தில் பாரும். பிடரிமயிர்ச் சுருளில் ஒட்டிய பழைய வர்ணம் தெரிகிறதா என்று கிட்ட நின்று தேடும்.

அந்தப் போர்க்களத்தின் கூட்டுப் புதைகுழி எலும்புகளில் மரபணு சோதித்து 2022இல் வெளியிட்டார்கள். கிரேக்கர் பக்கம் நின்று செத்தவர்களில் வட ஐரோப்பாவிலிருந்தும் காக்கசஸிலிருந்தும் வந்தவர்கள் இருந்தார்கள். ஆனால் அந்தப் போருக்கு அடுத்த குளிர்காலத்தில் ஏதென்ஸ்காரர் ஸ்பார்ட்டாத் தூதரிடம் சொன்னதாக ஹெரொடோட்டஸ் எழுதுவது: கிரேக்கர் என்றால் ஒரே இரத்தம், ஒரே மொழி, பொதுக் கோயில்களும் பலிகளும், ஒத்த வழக்கம். இதைக் கட்டுரையில் போடும்போது ஏதென்ஸ்காரரின் வாதமாகப் போடும், நடந்த உண்மையாக எழுதிவிடாதேயும்.