லைக் விழாத படம் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

என் மகளுக்குப் பதினைந்து வயது. இன்ஸ்டாகிராமில் படம் போடுவாள். அரை மணி நேரத்தில் லைக் சேராவிட்டால் அழித்துவிடுவாள். பிறகு அன்று முழுக்க யாரோடும் பேச்சில்லை. போன வாரம் தோழிகள் இவளை விட்டுவிட்டு வெளியே போய்ப் போட்ட படத்தைப் பார்த்து அழுதாள். போனைப் பிடுங்கிவிடலாம் என்கிறார் கணவர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள சகோதரிக்கு,

ஒருத்தியை விட்டுவிட்டுத் தோழிகள் போவது எல்லாத் தலைமுறையிலும் நடந்ததுதான். நமக்கு அது நாலு நாள் கழித்து அரைகுறையாகத் தெரியவரும், பலமுறை தெரியாமலே போகும். உங்கள் மகளுக்கோ அது நடக்கும்போதே, சிரித்த முகங்களோடு கைக்கு வந்துவிடுகிறது. நம்மை யாருக்குப் பிடிக்கும் என்பது அந்த வயதில் நமக்கு வெறும் ஊகம். இவளுக்கு அது ஓர் எண், ஊரே பார்க்கும் எண். அவள் படத்தை அழிப்பதை அலட்டல் என்று நினைத்துவிடாதீர்கள். அவமானத்தின் தடயத்தை அழிக்கிறாள்.

2016இல் கலிஃபோர்னியாவில் பதின்வயதினரை மூளையைப் படமெடுக்கும் ஸ்கேனருக்குள் படுக்கவைத்து இன்ஸ்டாகிராம் மாதிரியான படங்களைக் காட்டினார்கள். லைக் எண்ணிக்கையை இட்டது ஆய்வாளர்களே. அப்படியும் பிள்ளைகள் லைக் அதிகமுள்ள படத்தையே விரும்பினார்கள். தங்கள் சொந்தப் படத்துக்கு நிறைய விழுந்திருந்தால், பரிசு கிடைக்கும்போது கிளர்ச்சியடையும் மூளைப்பகுதி விழித்துக்கொண்டது. பொய் எண்ணுக்கே இந்த வேகம்!

இதெல்லாம் மிகை என்பவர்களும் உண்டு. 2019இல் ஏமி ஆர்பன், ஆண்ட்ரூ பிரிசிபில்ஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பதின்வயதினரின் தரவுகளை அலசினார்கள். அந்தப் பிள்ளைகளின் மனநலத்தில் காணும் வேறுபாட்டில் டிஜிட்டல் பயன்பாட்டுக்கு அதிகபட்சம் 0.4 சதவீதப் பங்குதான் என்றார்கள். நேர்மையான ஆய்வு, மறுக்கவில்லை. ஆனால் அது சராசரிக் கணக்கு. நண்பனோடு அரட்டையடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகும் பையனும் அதில் இருக்கிறான். அழுதுகொண்டிருப்பவளுக்குச் சராசரியைச் சொல்லி என்ன பயன்?

பிடுங்குவது எனக்கு உடன்பாடில்லை. தோழிகளின் பேச்சே அங்கேதான் நடக்கிறது, மிச்சமிருப்பதும் அவளுக்குப் போய்விடும். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. நாளை யாராவது அவளை மிரட்டினாலோ, படத்தை வைத்து விளையாடினாலோ உங்களிடம் வரமாட்டாள். வந்தால் போன் போய்விடும் என்று கற்றிருப்பாள்.

இரவில் மட்டும் போன் படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும். உங்கள் கணவருடையதும்தான்! லைக் எண்ணிக்கையை மறைக்கும் வசதி 2021 முதல் இன்ஸ்டாகிராமிலேயே இருக்கிறது. சொல்லிவையுங்கள், விரும்பினால் அவளே மறைத்துக்கொள்வாள். பேசும்போது போனை விட்டுவிட்டு அந்தத் தோழிகளைப் பற்றிக் கேளுங்கள். புத்திமதி வேண்டாம். இரண்டு வாரமாகியும் தூக்கமும் சாப்பாடும் சரியாகாவிட்டால், அல்லது வாழப் பிடிக்கவில்லை என்று ஒரே ஒரு முறை சொன்னாலும், அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.